பெரிய மருத்துவமனையில் மனநல சிகிச்சை: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பத்தார் கூடுகிறோம். எல்லார் வீட்டிலும் ஒருவருக்கு மனநோய். என் வீட்டில் தம்பி. அவனுக்கு இருமுனைக் கோளாறு. சில வாரம் தூக்கமே இல்லாமல் தலைகால் புரியாத உற்சாகம். சில மாதம் பாயை விட்டு எழவே முடியாத சோர்வு. கூட்டத்துக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் ஏறத்தாழ இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்து விஷயத்தில் உங்கள் மருத்துவர் சொல்வதே முடிவு.

போர்டில் ‘பிஹேவியரல் ஹெல்த்’ என்று போட்டிருக்கிறார்களே, அது மனநலப் பிரிவுதானா?

ஆமாம். அமெரிக்க மருத்துவமனை நிறுவனங்களில் புழங்கும் பெயர் அது. மனநோய், குடி மற்றும் போதைப் பழக்கம் எல்லாவற்றையும் ஒரே துறையாகச் சேர்த்து அப்படிச் சொல்கிறார்கள். ‘மென்டல்’ என்ற சொல்லைக் கேட்டாலே கூசிப்போகிறவர்கள் இந்தப் பெயர் போட்ட கதவைத் தயங்காமல் திறக்கிறார்கள் என்றால் நல்லதுதான். 1794-ல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மருத்துவமனை எத்தனையோ ஆயிரம் பேரைக் குணப்படுத்தியும் அந்த ஊர்ப் பெயரே வசவாகிவிட்டதைப் பார்த்த நமக்கு இது புரியும். ஒரே ஒரு கவலை உண்டு. ‘நடத்தை’ என்று காதில் விழுந்ததும் வீட்டுப் பெரியவர்கள், ‘பார்த்தாயா, எல்லாம் திமிர்தான்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். சர்க்கரை நோய் எப்படித் திமிர் இல்லையோ, அப்படித்தான் இதுவும்.

பெரிய மருத்துவமனை நிறுவனங்கள் ‘தரமான சிகிச்சை’ என்று சொல்லும்போது எதைச் சொல்கிறார்கள்?

பளபளக்கிற தரையையும் ஏசியையும் ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுப் பேசுவோம். அமெரிக்காவில் எச்சிஏ என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. 1968-ல் நாஷ்வில் நகரில் தொடங்கி, இன்று 180-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளை நடத்துகிறது. அந்த அளவு பெரிய நிறுவனத்துக்கு ஒரு வசதி உண்டு. நூறு வார்டுகளில் ஒரே மாதிரிப் பதிவேடு வைத்தால், எந்த வார்டில் தவறு நடக்கிறது, எங்கே நன்றாக நடக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். ஓரிடத்தில் கற்றுக்கொண்டதை மற்ற இடங்களுக்கும் கொண்டு போகலாம்.

அங்கே மனநல உள்நோயாளிப் பிரிவுகள் சில கணக்குகளை அரசுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். நோயாளிகளைக் கட்டி வைத்த நேரம் மொத்தம் எத்தனை மணி? தனி அறையில் அடைத்து வைத்த நேரம் எத்தனை மணி? மனநோய் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை, கொழுப்பு, எடை பார்த்தார்களா? வீடு திரும்பிய 7 நாளுக்குள், 30 நாளுக்குள் எத்தனை பேர் மறுபடி ஒரு மருத்துவரையோ ஆலோசகரையோ பார்த்தார்கள்? கணக்குக் கொடுக்காத மருத்துவமனைக்கு அரசுக் காப்பீட்டுத் தொகையின் ஆண்டு உயர்வில் 2 சதவீதப் புள்ளி வெட்டு விழும். கொடுத்த கணக்கை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

இந்த வரிசையை முதல் முறை படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அத்தனையும் தம்பியின் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நான் யோசித்துக்கொண்டிருந்த விஷயங்கள். அவற்றை அளக்க முடியும், கேட்டு வாங்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

டெட்ராய்ட்டில் ஹென்றி ஃபோர்டு என்ற மருத்துவமனைக் குழுமம் 2001-ல் ஒரு காரியத்தில் இறங்கியது. தங்களிடம் மனநல சிகிச்சை பெறுகிறவர்களில் ஒருவர்கூடத் தற்கொலையில் போகக் கூடாது என்று இலக்கு வைத்தார்கள். வருகிற எல்லாரிடமும் நேராகக் கேட்பது, ஆபத்தில் இருப்பவரைக் காக்க வைக்காமல் பார்ப்பது, குடும்பத்தையும் சேர்த்துக்கொள்வது, வீட்டுக்குப் போன பிறகும் தொடர்ந்து விசாரிப்பது. அபூர்வமான மருந்து எதுவும் இதில் இல்லை. நான்கே ஆண்டுகளில் அந்த நோயாளிகளிடையே தற்கொலை விகிதம் சுமார் 75 சதவீதம் குறைந்தது.

அதெல்லாம் அமெரிக்காவில். நம் ஊரில் யார் கேட்பது?

நம்மிடம் சட்டம் இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2018-ல். நோயாளியின் உரிமைகளை இவ்வளவு விரிவாக எழுதிய சட்டம் நமக்கு முன்பு இருந்ததில்லை. அதற்கு மேல், மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் என்ஏபிஎச் என்ற அமைப்பு இருக்கிறது. அந்தச் சான்று இருந்தால் நடைமுறைகள் எழுத்தில் இருக்கின்றன, வெளியாட்கள் வந்து சோதிக்கிறார்கள் என்று நம்பலாம். இரவு இரண்டு மணிக்கு உங்கள் அம்மா அழுதால் நர்ஸ் பக்கத்தில் வந்து உட்காருவாரா என்பதை அந்தச் சான்று சொல்லாது. அதை நாம்தான் விசாரிக்க வேண்டும்.

சேர்க்கும் முன் மருத்துவமனையில் என்ன கேட்கலாம்? கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ?

நல்ல மருத்துவமனை கோபித்துக்கொள்ளாது. கேள்வி கேட்டதற்கே முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

நான் முதலில் கேட்பது, இரவு நேரத்தில் மனநலப் பிரிவில் எத்தனை நர்ஸ்கள், கூப்பிட்டால் மனநல மருத்துவர் எவ்வளவு நேரத்தில் வருவார் என்பதை. பகலில் எல்லா வார்டும் நன்றாகத்தான் இருக்கும். அப்புறம், மருத்துவரைத் தவிர வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மருத்துவ உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர், பயிற்சி பெற்ற நர்ஸ் என்று ஒரு குழு வேண்டும். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேட்பதில் தவறே இல்லை. ‘கவுன்சலர்’ என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்கிற காலம் இது.

முன்னேற்றத்தை எப்படி அளக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். மனச்சோர்வுக்கு ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. 27-க்கு எத்தனை என்று மதிப்பெண் வரும். மதிப்பெண் குறையக் குறைய நோய் குறைகிறது என்று அர்த்தம். சேரும்போது 21, மூன்று வாரம் கழித்து 12 என்றால் உங்களுக்கும் புரியும், நோயாளிக்கும் ஒரு தெம்பு. ‘பரவாயில்லை, நல்லா இருக்கார்’ என்பதை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அடுத்த முறை எதோடு ஒப்பிடுவது?

மருந்துக்கான பரிசோதனைகளும் முக்கியம். இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் என்ற மருந்து கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு பார்க்க வேண்டும். சிறுநீரகமும் தைராய்டும் அவ்வப்போது பார்க்க வேண்டும். கடுமையான மனச்சிதைவுக்கு குளோசபின் என்ற மருந்து கொடுத்தால் ஆரம்ப மாதங்களில் வாரா வாரம் வெள்ளையணுக்களை எண்ண வேண்டும். அதை யார் நினைவுபடுத்துவார்கள், மருத்துவமனையா, நாமா? கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறவர்களுக்கு, இங்கேயே ரத்தம் கொடுத்து முடிவை அனுப்பலாமா என்பதையும் அன்றே பேசி முடித்துவிடுவது நல்லது.

உள்ளே கட்டிப் போடுவார்களா? தனி அறையில் அடைப்பார்களா?

தனியே அடைத்து வைப்பதை நம் சட்டம் அறவே தடை செய்திருக்கிறது. இந்த இடத்தில் நம் சட்டம் அமெரிக்க நடைமுறையைவிட ஒரு படி மேலே நிற்கிறது. சங்கிலி போடுவதும் தடை. கட்டுப்படுத்துவது மட்டும், நோயாளிக்கோ மற்றவருக்கோ உடனடி ஆபத்து இருந்து வேறு வழியே இல்லாதபோது, பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மட்டும் செய்யலாம். ஏன், எப்படி என்று கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு, அதாவது அவர் சார்பில் பேச அவரே குறித்துக் கொடுத்தவருக்கு, 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

தலையை மொட்டையடிக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது. சொந்த உடை உடுத்த நோயாளிக்கு உரிமை உண்டு. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. இவை எல்லாம் சட்டத்தில் எழுதியே இருக்கின்றன.

அவர் வரவே மாட்டேன் என்கிறார். ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போகலாமா?

‘சும்மா பாண்டி பீச்சுக்குப் போயிட்டு வரலாம்’ என்று சொல்லிக் கூட்டிப் போய் மருத்துவமனை வாசலில் இறக்கிய குடும்பங்கள் எங்கள் கூட்டத்திலேயே உண்டு. அதற்கான விலையைப் பல வருடம் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கை லேசில் திரும்பி வராது.

சட்டம் முதலில் பார்ப்பது அவரவர் சம்மதத்தோடு சேருவதைத்தான். அப்படிச் சேர்ந்தவர் போகிறேன் என்றால் விட வேண்டும். ஆபத்து என்று தோன்றினால் மட்டும் 24 மணி நேரம் நிறுத்தி மறுபடி பரிசோதிக்கலாம். முடிவெடுக்கும் நிலையில் இல்லாமல், தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருக்கிறார் என்றால், நியமனப் பிரதிநிதி விண்ணப்பித்து, மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு தகுதியுள்ளவரும் தனித்தனியே பார்த்து உறுதி செய்த பிறகு 30 நாள் வரை சேர்க்கலாம். அதை மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நோயாளியே அங்கே முறையிடலாம்.

நன்றாக இருக்கும் நாட்களில் ஒரு வேலை செய்து வையுங்கள். ‘எனக்கு மறுபடி முடியாமல் போனால் இந்தச் சிகிச்சை வேண்டும், இது வேண்டாம், எனக்காகப் பேச வேண்டியவர் இவர்’ என்று அவரே எழுதி வைக்கும் முன்கூட்டிய அறிவுறுத்தலைச் சட்டம் ஏற்கிறது. என் தம்பி எழுதியதில் முதல் வரி: ‘அக்கா பக்கத்தில் இருக்க வேண்டும், மாமா வேண்டாம்.’ மாமாவுக்கு வருத்தம்தான். ஆனால் அது தம்பியின் உடம்பு.

ஷாக் கொடுப்பார்களா?

சில நோய்களில், குறிப்பாகச் சாப்பிடாமல் பேசாமல் கிடக்கும் கடுமையான மனச்சோர்வில், அது உயிர் காக்கும் சிகிச்சை. மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். சினிமாவில் பார்த்ததை மறந்துவிடுங்கள்.

குடியை நிறுத்தவும் அங்கேயே சேர்க்கலாமா?

சேர்க்கலாம். நம் பகுதியில் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். கடலூரிலிருந்து கன்னியகோவில் வரை போனால் போதும் என்ற தூரத்தில் புதுச்சேரிக் கடைகள் இருக்கும்போது கேட்காமல் எப்படி?

தெரிந்துகொள்ள வேண்டியது இது. பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், இரண்டாம் மூன்றாம் நாளில் கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாததைப் பார்ப்பது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். மாலை போட்டு, சத்தியம் வாங்கி, அறையில் பூட்டி நிறுத்த வைக்கிற வீடுகளில் விபரீதம் நடப்பது இதனால்தான். மருத்துவமனையில் அந்த நாட்களை மருந்தோடும் தயமின் என்ற வைட்டமின் ஊசியோடும் கடக்க வைப்பார்கள். குடி மீட்பு மையம் என்ற பெயரில் எங்கே சேர்த்தாலும், அது மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா, மருத்துவர் தினமும் வருகிறாரா என்று பாருங்கள். ‘ஆறு மாதம் யாரும் பார்க்க வரக் கூடாது’ என்று சொல்லும் இடத்தில் யாரையும் விட்டுவிட்டு வராதீர்கள்.

காப்பீடு கிடைக்குமா?

கிடைக்க வேண்டும். உடல்நோய்க்குக் கொடுப்பது போலவே மனநோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2017 சட்டம் சொல்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018-லும், மறுபடி 2022-லும் நிறுவனங்களுக்கு இதை உத்தரவாகவே அனுப்பியது. ஆனால் வெளிநோயாளிச் செலவும் கவுன்சலிங் கட்டணமும் பல பாலிசிகளில் வராது. காத்திருப்புக் காலமும் இருக்கும். சேர்க்கும் முன் பாலிசியை எடுத்துக்கொண்டு மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் ஒரு முறை உட்கார்ந்துவிடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்.

பெரிய நிறுவனம் என்றால் பணத்துக்காக நாள் கணக்கில் வைத்துக்கொள்வார்களோ?

இந்தப் பயம் வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் மனநல மருத்துவமனைகளை ஏராளமாக நடத்தும் யுஎச்எஸ் என்ற நிறுவனம், தேவையில்லாத உள்நோயாளி சிகிச்சைக்கு அரசிடம் பணம் வாங்கியது என்ற குற்றச்சாட்டில் 2020-ல் 12 கோடியே 20 லட்சம் டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. குற்றச்சாட்டை நிறுவனம் மறுத்தது. படுக்கை நிறைந்திருந்தால் லாபம் என்கிற எந்த ஏற்பாட்டிலும் இந்த இழுப்பு இருந்தே தீரும். அதனால்தான் ‘இன்னும் எத்தனை நாள், எதற்காக, எது நடந்தால் அனுப்புவீர்கள்’ என்று வாரம் ஒரு முறை கேளுங்கள் என்கிறேன். சேர்ந்த அன்றே வீடு திரும்புவதைப் பற்றிப் பேசத் தொடங்கும் மருத்துவமனை எனக்குப் பிடிக்கும்.

ஜிப்மரா, தனியாரா?

கோரிமேட்டில் ஜிப்மர் இருப்பது நம் பகுதிக்குப் பெரிய கொடுப்பினை. அனுபவமுள்ள மனநலத் துறை, குறைந்த செலவு, மற்ற உடல்நோய்களுக்கும் அதே வளாகத்தில் மருத்துவர்கள். கூட்டம் அதிகம், காத்திருக்க வேண்டும், வருகிற முறையெல்லாம் அதே மருத்துவர் இருப்பார் என்று சொல்ல முடியாது. தனியாரில் நேரம் கிடைக்கும், பணம் கரையும். எங்கள் கூட்டத்தில் பலர் அவசரத்துக்கு ஒரு இடம், மாதாந்திர மாத்திரைக்கு ஒரு இடம் என்று வைத்திருக்கிறார்கள். அது தவறில்லை, இரண்டு இடத்துச் சீட்டும் ஒரே ஃபைலில் இருந்தால்.

கோவிலுக்கும் தர்காவுக்கும் போவதை நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். நானும் பாடலீஸ்வரர் கோவிலில் தம்பி பெயருக்கு அர்ச்சனை செய்கிறவள்தான். மாத்திரையை நிறுத்தச் சொல்கிற இடத்துக்கு மட்டும் போகாதீர்கள். ஏர்வாடி தர்கா பக்கம் 2001 ஆகஸ்ட் 6-ம் தேதி விடியற்காலையில், மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டு விட்டவர்களும் குணமாகும் என்று நம்பிய குடும்பத்தார்தான்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு மருத்துவமனைக்கு என்ன பொறுப்பு?

என்னைக் கேட்டால், ஒரு மனநல மருத்துவமனையின் தரத்தை இந்த ஒரு கேள்வியிலேயே எடைபோட்டுவிடலாம்.

தம்பி முதல் முறை சேர்ந்தது ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில். பெயர் வேண்டாம். உள்ளே நன்றாகத்தான் பார்த்தார்கள். பதினெட்டாம் நாள் பில் கட்டினோம், ஒரு பை நிறைய மாத்திரையும் ஒரு காகிதமும் கொடுத்தார்கள். ‘ஒரு மாதம் கழித்து வாருங்கள்’ என்று எழுதியிருந்தது. ஐந்தாம் நாள் அவனுக்குக் கை நடுங்கியது, நாக்கு தடித்தது போல் இருந்தது. மாத்திரையால்தான் என்று அவனே முடிவு செய்து நிறுத்திவிட்டான். காகிதத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். ரிசப்ஷனுக்குப் போனது, அங்கிருந்து வேறொரு இடத்துக்குப் போனது, பிறகு துண்டித்தது. மூன்றாவது வாரம் மறுபடி தூக்கம் போனது. ஒரு மாதச் சந்திப்புக்கு முன்பே அவசரப் பிரிவில் நின்றோம். கை நடுக்கம் சாதாரணமாக வரக்கூடியது, ஒரு சின்ன மாத்திரையில் சரியாகும் என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார்கள். ஒரே ஒரு போன் அழைப்பில் முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

மனநல வார்டிலிருந்து வெளியே வந்த முதல் வாரமும், அதைத் தொடரும் மூன்று மாதமும்தான் தற்கொலை ஆபத்து மிக அதிகமாக இருக்கும் காலம் என்று பல நாடுகளின் ஆய்வுகள் ஒரே குரலில் சொல்கின்றன. அமெரிக்கக் கணக்கில் 7 நாள் என்று ஒரு கட்டம் இருப்பது இதனால்தான். நம் சட்டமும், வீட்டுக்கு அனுப்பும் முன் நோயாளியோடும் நியமனப் பிரதிநிதியோடும் குடும்பத்தாரோடும் அடுத்த கட்டச் சிகிச்சை பற்றிப் பேசித் திட்டமிட வேண்டும் என்கிறது.

ஆகவே பில் கட்டும் முன் சிலவற்றை எழுதி வாங்குங்கள். ஒரு வாரத்துக்குள் சந்திப்பு, நேரிலோ வீடியோவிலோ. எந்த மாத்திரையில் என்ன பக்கவிளைவு வரலாம், எது வந்தால் பயப்பட வேண்டாம், எது வந்தால் ஓடி வர வேண்டும். மனநலப் பிரிவுக்கே நேரடியாகப் போகும் ஒரு எண். நோய் திரும்புவதற்கான முதல் அறிகுறிகள். அது ஆளுக்கு ஆள் வேறு. என் தம்பிக்கு, இரவு பதினொன்றுக்கு மேல் பழைய நண்பர்களுக்கெல்லாம் போன் போடத் தொடங்கினால் எனக்குத் தெரிந்துவிடும்.

‘சாகணும் போல இருக்கு’ என்று சொன்னால் அதைப் பற்றிப் பேசலாமா? பேசினால் தூண்டிவிட்டது ஆகாதா?

ஆகாது. நேராகக் கேளுங்கள்: ‘செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா?’ கேட்பதால் எண்ணம் வராது. ஏற்கெனவே இருக்கும் எண்ணத்தைச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கிறது. தற்கொலை விகிதம் அதிகமுள்ள பகுதிகளில் ஒன்றாகப் புதுச்சேரி பல ஆண்டுகளாக அரசின் புள்ளிவிவரத்தில் வந்துகொண்டே இருக்கிறது. நமக்குப் பேசாமல் இருக்கும் வசதி இல்லை. தனியே விடாதீர்கள், வீட்டில் ஆபத்தான பொருட்களை அப்புறப்படுத்துங்கள், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எந்த நேரமும் 14416 என்ற எண்ணில், அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸில், இலவசமாகத் தமிழில் பேசலாம். முயற்சி செய்து பிழைத்தவர்மீது வழக்கு வரும் என்று பயந்து மறைக்க வேண்டாம். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 சட்டம்.

அலுவலகத்துக்கோ சம்பந்தி வீட்டுக்கோ மருத்துவமனை சொல்லிவிடுமா?

சொல்லக் கூடாது. நோயாளியின் தகவலை ரகசியமாகக் காப்பது அவர்கள் கடமை. அதே சமயம், தன் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டு வாங்க நோயாளிக்கு உரிமை உண்டு.

உங்கள் தம்பி இப்போது எப்படி இருக்கிறான்?

முதுநகரில் ஒரு மோட்டார் பழுது பார்க்கும் கடையில் வேலை பார்க்கிறான். லித்தியம் எடுக்கிறான்; மூன்று மாதத்துக்கு ஒரு முறை மஞ்சக்குப்பத்தில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்து, முடிவை மருத்துவருக்கு அனுப்புகிறோம். இரண்டாவது முறை சேர்த்த இடத்தில் ஒரு நர்ஸ் இருந்தார். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவரே போன் செய்து, ‘தம்பி, தூக்கம் வருதா? கை நடுங்குதா?’ என்று கேட்டார். இப்போதும் டிஸ்சார்ஜ் ஆகி வரும் புதியவர் யாராவது எங்கள் கூட்டத்துக்கு வந்தால், மூன்றாம் நாள் போன் செய்வது தம்பியின் வேலை.